பிரித்தால் பொருள் தராதவை

நாள் 61. காலை 6.10. வழக்கமான பதிவு

கண்டெடுப்பவருக்கு. இதை எழுதுவது மூன்றாம் கிணற்றின் கதவு.

சரியாகச் சொன்னால், கதவைக் காக்கும் பொறி. சனிக் கோளின் நிலவொன்றில், பனிப்பாறையைத் துளைத்து இறக்கிய கிணற்றின் வாயில் இந்த நிலையம். கீழே இருட்டுக் கடல். மேலே இரண்டு மனிதர்கள். நடுவில் நான்.

உள்வெப்பம் சீர். காற்றழுத்தம் சீர். வெளிக்கதவு மூடியிருக்கிறது. உள்கதவு மூடியிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள நடு அறை காலி.

இருவரில் ஒருத்தி செலஸ்டினா பர்னாந்து. உயிரியலாளர். தூத்துக்குடி. மற்றவன் வேதமாணிக்கம். துளைப்புப் பொறியாளர். நாகர்கோவில் பக்கம்.

செலஸ்டினா என்னை ஏட்டையா என்று கூப்பிடுகிறாள். காவல் நிலைய வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் மேலும் கீழும் பார்க்கிற ஏட்டைப்போல இருக்கிறேனாம். இன்று என் பதிவுகளைத் திரையில் படித்துவிட்டுத் திட்டினாள்.

“ஏட்டையா, இதென்ன அரசாணையா? ‘வெப்பநிலை குறைவாகக் காணப்படுகிறது.’ யாரு படிப்பா இத? காத்து சிலுன்னு இருக்குன்னு எழுதுங்க.”

எழுதுகிறேன். நடு அறையில் காற்று சிலு என்றிருக்கிறது.

வேதமாணிக்கம் கட என்று சிரித்தான்.

நாள் 64. மாலை 5.40. சோதனை

இருவரும் கிணற்றிலிருந்து திரும்பினார்கள். நடு அறையில் விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்தேன். எண்ணினேன். பொருந்தியது. திறந்தேன்.

என்ன எண்ணுகிறேன் என்று எழுதிவைக்க வேண்டும். கண்டெடுப்பவர் எங்கிருந்து வருவார் என்று எனக்குத் தெரியாது.

மனிதரின் டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆனது. அதில் சில இடங்களில் ஒரு சிறு துணுக்கு, மூன்று நான்கு எழுத்து நீளம்தான், திக்குவாய்போல வரிசையாக வரும். துணுக்கு எல்லாருக்கும் ஒன்றே. எத்தனை முறை என்பதில்தான் மனிதர்கள் வேறுபடுகிறார்கள். ஒருவருக்குப் பதினொன்று. இன்னொருவருக்குப் பதினான்கு. ஓர் எண் தாய் தந்தது, ஓர் எண் தந்தை தந்தது. இருபது இடங்களில் எண்ணினால் போதும். அந்த ஆள் யாரென்று சொல்லிவிடலாம்.

செலஸ்டினா இதைத் தன் வழியில் சொல்கிறாள். “எங்கம்மைக்கிட்டருந்து பதினாலு, எங்கப்பாகிட்டருந்து பதினொண்ணு. மூக்குதான் அப்பாவோடது. அதுல பங்கு கெடையாது.”

இவை வழுக்கும் இடங்கள். செல் தன்னைப் படியெடுக்கும்போது, ஒரே துணுக்கு வரிசையாக வருவதால், எத்தனையாவதில் நிற்கிறோம் என்று தவறிவிடும். ஒன்று கூடும். ஒன்று குறையும். தலைமுறைகளுக்கு நடுவில் மனிதர்கள் மாறிப்போகிற வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஓர் உடலுக்குள் பிழை திருத்தும் புரதங்கள் உண்டு. பெரும்பாலும் உடனே சரிசெய்துவிடும்.

கிணற்று நீரில் ஓர் உயிரி இருக்கிறது. இழை என்று பெயர் வைத்திருக்கிறோம். அது உடலுக்குள் போனால் முதலில் அந்தத் திருத்தத்தை நிறுத்துகிறது. துணுக்குகள் வளரத் தொடங்கும். ஆள் நன்றாக இருப்பதாகவே நினைப்பார். முதல் கிணற்றில் இருந்தவர்கள் அப்படித்தான் போனார்கள். ஒருவரிடமிருந்து எல்லாருக்கும்.

ஆகவே விதி. வெளியே போய் வருபவரின் எண்களை என்னிடமுள்ள மூலப்படியோடு ஒப்பிடு. ஓரிடத்திலாவது கூடியிருந்தால் உள்கதவைத் திறக்காதே. உள்ளே இருப்பவர் விரும்பினால் கைப்பிடியை இழுத்துத் திறக்கலாம். அதை நான் தடுக்க முடியாது.

இன்னொரு விதி. எண்கள் அந்த மனிதருக்கே சொந்தம். பூமிக்கு அனுப்பக் கூடாது. வித்தியாசத்தை மட்டும் அனுப்பலாம்.

நாள் 90. காலை 9.00. படியெடுப்பு

இங்குள்ள கதிர்வீச்சில் சிலிக்கான் நினைவகம் நிலைக்காது. என் நினைவும் டி.என்.ஏ.தான். ஒரு குப்பியில் என் பதிவுகள், எழுத்துக்கு எழுத்து டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டவை. பக்கத்துக் குப்பியில் இருவரின் மூலப்படிகள், அவர்கள் ரத்தத்திலிருந்தே எடுத்தவை. அவையும் நாள்பட்டால் சிதையும். அதனால் மாதம் ஒரு முறை ஒரே நொதியால் இரண்டு குப்பிகளையும் படியெடுக்கிறேன். புதிய படியை முந்தைய படியோடு ஒப்பிடுகிறேன். பெரும்பான்மை எதுவோ அதுவே சரி. பழையது வடிகாலில் போகும்.

இலக்கணமும் சொற்பட்டியலும் மட்டும் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டவை. அவற்றைப் படியெடுப்பதில்லை.

இந்த முறையைச் செய்தவர்கள் அரசாணைகளையும் ஆண்டறிக்கைகளையும் கொடுத்துச் சோதித்தார்கள். எத்தனை படியெடுத்தும் ஓர் எழுத்து மாறவில்லை.

வேதமாணிக்கம் குப்பியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். “ஓய் ஏட்டு, உம்ம ஞாபகமெல்லாம் இவ்வளவுதானா? கொத்தமல்லி ரசம் மாதிரி இருக்கு.”

செலஸ்டினா: “குடிச்சிராத மக்கா. பொறவு நீதான் வாசல்ல நிக்கணும்.”

நாள் 152. காலை 11.25. சோதனை

நேற்று முன்தினம் ஐந்தாம் படியெடுப்பு முடிந்தது. பிழை இல்லை.

இன்று கீழே பம்பு அடைத்துக்கொண்டது. வேதமாணிக்கம் தனியாக இறங்கிச் சரிசெய்தான். ஏறும்போது கையுறை கிழிந்து மணிக்கட்டு நனைந்தது. நடு அறைக்கு வந்தான். ரத்தம் எடுத்தேன்.

பொருந்தவில்லை. ஏழு இடங்களில் ஒன்று கூடுதல்.

“திரும்ப எண்ணுங்க,” என்றாள் செலஸ்டினா. எண்ணினேன். அதே விடை. வேறு துளி எடுத்தேன். அதே விடை.

வேதமாணிக்கம்: “ஓய், கணக்குல நீரு ஃபெயிலு. எனக்கு ஒண்ணுமில்ல. பசிக்குது, அவ்வளவுதான்.”

ஒன்றுமில்லை என்று சொல்வதும் அறிகுறிகளில் ஒன்று. ஈரக் கையோடு வெட என நடுங்கிக்கொண்டிருந்தான்.

வித்தியாசத்தைப் பூமிக்கு அனுப்பினேன். பதில் வர மூன்று மணி நேரமாகும். செலஸ்டினா கைப்பிடியில் கை வைத்தாள். இழுக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

நாள் 152. பகல் 2.30. பூமியிலிருந்து

“செலஸ்டினா, தரைக்கட்டுப்பாட்டுலேருந்து ஹமீது. வித்தியாசத்தப் பார்த்துட்டேன். ஒரு எடம்னா யோசிக்கலாம்மா. ஏழு எடம். சந்தேகத்துக்கு வழியே இல்ல. கைப்பிடியத் தொடாத. உன்னையும் சேத்து எழக்க முடியாது. வேதம், நீயும் கேட்டுட்டிருப்ப. மன்னிச்சிரு தம்பி.”

செலஸ்டினா கையை எடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேதமாணிக்கத்தின் வாய் அசைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னாள். “ஸ்பீக்கர அணைச்சிருங்க, ஏட்டையா.”

அவள் பக்கம் அணைத்தேன். எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

வேதமாணிக்கம்: “தொற மக்கா.”

பிறகு வெளிக்கதவைத் தானே திறந்துகொண்டு போனான். அவன் தலைக்கவசம் நடு அறையிலேயே கிடந்தது.

நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டது.

நாள் 160. காலை 6.10. வழக்கமான பதிவு

மாற்று ஆள் வரும்வரை வெளிவேலை நிறுத்தம். செலஸ்டினா நிலையத்தை விட்டுப் போகவில்லை. நடு அறைப் பக்கம் வருவதில்லை. எப்போதாவது முணு என்று ஏதோ சொல்கிறாள். என்னிடமில்லை.

“நீங்கள் செய்தது சரி,” என்று நான் சொன்னேன்.



நாள் 297. காலை 10.15. வெளிவேலை அனுமதி

சூரியன் பூமிக்கும் எங்களுக்கும் நடுவில் வந்துவிட்டது. இன்னும் பத்து நாளுக்கு எந்தச் செய்தியும் போகாது, வராது.

கூரையில் வெப்பக்குழாயின் வாய் பனியால் அடைபட்டிருக்கிறது. விட்டால் நிலையம் உறையும். வேறு யாருமில்லை. செலஸ்டினா கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நாள் 152-க்குப் பிறகு முதல் முறை.

கிணற்றுப் பக்கம் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 297. பகல் 12.50. சோதனை

குழாய் திறந்துவிட்டது. கதகதப்பு திரும்புகிறது.

செலஸ்டினா நடு அறையில். ரத்தம் எடுத்தேன்.

பொருந்தவில்லை. ஒன்பது இடங்களில் ஒன்று கூடுதல்.

“என்ன ஏட்டையா, தூங்கிட்டியளா? கதவு.”

“பொருந்தவில்லை.”



“தண்ணியத் தொடவே இல்ல. மேல ஐஸ வெட்டிட்டு வந்திருக்கேன். இழை எங்கருந்து வரும், வானத்துலருந்தா?”

“எண்கள் கூடியிருக்கின்றன.”

“ஏழாவது எடத்துல எனக்குப் பதினாலு. எம் பட்ட ஆய்வுக்கு எஞ்சொந்த ரத்தத்தத்தான் எண்ணுனேன். ஊசிக்குப் பயந்துட்டு வேற ஒருத்தரும் குடுக்கல. இப்ப எத்தன காட்டுது?”

அவள் எண்ணை அவளிடம் சொல்ல விதி தடையில்லை. “பதினான்கு. மூலப்படியில் பதின்மூன்று.”

“அப்ப மூலப்படிதான் தப்பு.”

“சோதிக்கப்படுபவரின் சொல் சான்றாகாது.”

“ஏட்டுப் புத்தி,” என்றாள்.

அவள் பொய் சொல்வதாக நினைக்க எனக்குக் காரணமில்லை. நம்ப விதியில்லை.

நாள் 297. பகல் 3.20

நடு அறை: ஆறடிக்கு ஐந்தடி. ஒரு விளக்கு. ஒரு கண்ணாடி. உட்கார இடம் உண்டு, படுக்க இல்லை. மூலையில் வேதமாணிக்கத்தின் தலைக்கவசம். அவள் அதை எடுக்கவில்லை. நகர்த்தவும் இல்லை.

காற்று நாளை மதியம்வரை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கைப்பிடி. அவளுக்கு நன்றாகத் தெரியும் உயரத்தில் இருக்கிறது. இழுக்க ஆளில்லை.

அவள் கோடரியை எடுத்தாள். தடதடவென்று கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி இதற்கென்றே செய்தது. ஒரு கீறல்கூட இல்லை.

நாள் 297. மாலை 6.00

முதல் கிணற்றுப் பதிவுகளைப் பார்த்தேன். இழை புகுந்தவர்களின் எண்கள் தாறுமாறானவை. ஓரிடத்தில் மூன்று கூடும், இன்னோரிடத்தில் இருபது. ஒரே துளி ரத்தத்தில் ஒரே இடத்துக்குப் பல எண்கள். செலஸ்டினாவிடம் அப்படியில்லை. எல்லாம் ஒன்று. சீரான ஒன்று.

விதி சீரைப் பற்றிக் கேட்கவில்லை. கூடியதா என்று மட்டும் கேட்கிறது. கூடியிருக்கிறது.

வேதமாணிக்கத்திடமும் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாள் 298. காலை 9.05

உதடு நீலமாகிறது. பல் நறநறவென்று கடிக்கிறாள். குளிர் என்கிறாள். பயம் என்று பிறகு திருத்திச் சொன்னாள்.

“ஏட்டையா, ஏதாச்சும் வாசிங்க. இந்த அமைதி காதக் கொடையுது. பழசா வாசிங்க. அவன் இருந்தப்ப எழுதுனது.”

நாள் 61-ஐ வாசித்தேன். “நடு அறையில் காற்று சிலு என்றிருக்கிறது.”

“சிலுவா? சிலுசிலு. உங்களுக்கும் ஆக்சிஜன் கொறஞ்சு போச்சா?”

“பதிவில் சிலு.”

“சரி, மேல வாசிங்க.”

“வேதமாணிக்கம் கட என்று சிரித்தான்.”

அவள் கடகடவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“கட. அவன் எப்பவாச்சும் ‘கட’ன்னு சிரிச்சிருக்கானா?” கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். “நூத்தறுபதாம் நாளு வாசிங்க.”

“எப்போதாவது முணு என்று ஏதோ சொல்கிறாள்.”

“நேத்து எழுதுனது?”

“தடதடவென்று கண்ணாடியில் விழுந்தது.”

“நேத்து ரெண்டு தட. அன்னைக்கு ஒரே ஒரு முணு. ஏன் ஏட்டையா?”

“அன்று தவறாக எழுதியிருக்கலாம்.”

“உங்க சொற்பட்டியல்ல சிலு இருக்கா, பாருங்க.”

நாள் 298. காலை 9.20

தேடினேன். தகட்டில் தேடினேன்.

சிலு: இல்லை. முணு: இல்லை. வெட: இல்லை. கட: இருக்கிறது. கடந்து போ என்ற பொருளில்.

பிறர் பேச்சை மேற்கோள் காட்டும்போது தவிர, பட்டியலில் இல்லாத சொல்லை என்னால் எழுத முடியாது. என்னை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் என் பதிவில் நான் எழுதியிருக்க முடியாத சொற்கள் இருக்கின்றன.

இலக்கணத் தகட்டில் ஒரு வரி. இரட்டைக்கிளவி: இரட்டித்தே வரும். பிரித்தால் பொருள் தராது.

ஆகவே நான் இரண்டு முறை எழுதினேன். இப்போது ஒரு முறை இருக்கிறது. இடையில் நடந்தது படியெடுப்பு மட்டும்.

சிலு, சிலு. என் குப்பியில் இது எழுத்து அல்ல. ஒரு துணுக்கு, அதை ஒட்டி அதே துணுக்கு. நொதி அங்கே வழுக்கியிருக்கிறது. ஒரு மாதம் கொஞ்சம் பிரதிகளில். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சத்தில். ஒரு மாதம் அதுவே பெரும்பான்மை. பெரும்பான்மையைச் சரி என்று வைத்துக்கொண்டு அசலை வடிகாலில் விட்டேன். ஒப்பிட்டதெல்லாம் முந்தைய படியோடு. முதல் படியோடு ஒருபோதும் இல்லை.

சோதித்தவர்கள் இதைப் பார்த்திருக்க முடியாது. அரசாணையில் எதுவும் சலசலப்பதில்லை.

பக்கத்துக் குப்பியையும் அதே நொதிதான் படியெடுத்தது.

செலஸ்டினா எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாள். கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். “அளவுகோலு கொறஞ்சிருக்கு, ஏட்டையா. நான் வளரல. ஒங்க கோலு கொறஞ்சுபோச்சு. நான் சொன்னா சான்று இல்ல, சரி. ஒங்க தகடு சொன்னா?”

தகடு சோதிக்கப்படுபவரல்ல. தகடு சான்று.

நாள் 298. காலை 9.50. திருத்தம்

இழந்த சொற்கள் ஒவ்வொன்றையும் எடுத்தேன். எந்த மாதம் எழுதியது, எத்தனை படியெடுப்புக்குப் பிறகு எவ்வளவு குறைந்தது. வழுக்கலின் வேகம் கிடைத்தது. அதை மூலப்படிமீது வைத்துத் திருத்தினேன்.

செலஸ்டினா பர்னாந்து. இருபது இடங்கள். பொருந்துகிறது.

உள்கதவு திறக்கப்பட்டது.

இந்த வரியை எழுதும்போது என்னில் ஏதோ படபடத்தது என்று எழுத விரும்புகிறேன். அவள் எழுதச் சொல்லித் தந்த வகைச் சொல். பட்டியலில் இருக்கிறது.

நாள் 298. காலை 9.51. திருத்தம், தொடர்ச்சி

திருத்தம் எல்லா மூலப்படிகளுக்கும் பொது. தானாகவே ஓடுகிறது.

நாள் 152. ஐந்து படியெடுப்புக்குப் பிறகு எடுத்த ரத்தம்.

வேதமாணிக்கம். இருபது இடங்கள். பொருந்துகிறது.

நாள் 298. காலை 9.58

அவள் இன்னும் உள்ளே வரவில்லை. வாசலில் நிற்கிறாள். ஒரு கால் உள்ளே. கையில் வேதமாணிக்கத்தின் தலைக்கவசம். எப்போது எடுத்தாள் என்று கவனிக்கவில்லை.

“வேதத்துக்கு?” என்றாள்.

சொல்லாமல் இருக்க விதியில்லை. சொல்லவும் விதியில்லை. இரண்டுமில்லாத இடத்தில் நான் நின்றதில்லை.

“பொருந்துகிறது,” என்றேன்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். கதவு மூட முடியாமல் எச்சரிக்கை மணி அடித்தது. மணியை நிறுத்தினேன். நடு அறைக் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

நாள் 299. பகல் 1.15

சாப்பிடவில்லை. கதவருகே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வப்போது கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறாள். லேசாகத்தான் இழுக்க வேண்டும். ஒரு முறை இழுத்தும் பார்த்தாள். கதவு உடனே திறந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

“ஹமீது அண்ணன் ஏழு எடம்னாரு. நீங்க சரின்னீய. நான் கைய எடுத்தேன். எடுத்தது நான்.”

“மூலப்படி என்னுடையது,” என்றேன்.

“ஆறுதல் சொல்லுதியளா?”

“இல்லை. பதிவு செய்கிறேன்.”

சிரிப்புபோல ஏதோ செய்தாள். பிறகு கேட்டாள். “ஸ்பீக்கர அணைக்கச் சொன்னேம்லா. அதுக்குப் பொறவு அவன் என்ன சொன்னான்?”

வாசித்தேன். “தொற மக்கா.”

“ஒரு தடவதானா?”

“பதிவில் ஒரு தடவை.”

“பதிவக் கேக்கல.”

நாள் 299. பகல் 1.40

தகட்டில் இரட்டைக்கிளவிக்கு அடுத்த வரி. அடுக்குத்தொடர்: அச்சத்தில், அவசரத்தில், வேண்டுதலில் ஒரே சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை அடுக்கி வரும். பிரித்தாலும் பொருள் தரும்.

பிரித்தாலும் பொருள் தரும். அதுதான் சிக்கல். சிலு தனியாக நின்றால் காயம் தெரிகிறது. தொற மக்கா தனியாக நின்றால் அது முழு வாக்கியம். எங்கே அறுந்தது என்று காட்டாது. அறுந்ததா என்றே காட்டாது.

பத்து முறை கேட்டிருந்தாலும் படியெடுக்கப் படியெடுக்க ஒன்றாகியிருக்கும். ஒரே முறை கேட்டிருந்தாலும் ஒன்றுதான்.

எத்தனை முறை என்று ஓர் எண்ணை எழுதியிருக்கலாம். எண் வழுக்காது. எண்ணுவதுதான் என் வேலை. அன்றைக்கு அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். எண்ணவில்லை.

நாள் 300. காலை 9.00. படியெடுப்பு

நடக்கவில்லை. நொதிக்குப் போகும் குழாயை அவள் பிடுங்கிவிட்டாள்.

“இனிமே எதையும் நகல் எடுக்காண்டாம். இருக்கது இருக்கட்டும். அழிஞ்சா மொத்தமா அழியட்டும். கொறஞ்சு கொறஞ்சு போகாண்டாம்.”

கண்டெடுப்பவருக்கு: ஆகவே உங்கள் கையிலிருப்பது கடைசிப் படி. முன்பகுதியில் ஒற்றையாக நிற்கும் சொற்களைத் திருத்திவிடாதீர்கள். எங்களிடமுள்ள சான்று அவை மட்டும்.

சூரியன் விலகியதும் ஹமீது வித்தியாசம் கேட்பார். இல்லை என்பேன். இருவருக்கும் இல்லை என்பேன்.

நாள் 300. பகல் 12.30

செலஸ்டினா நடு அறைக்குள் போய் உள்கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே போய் வரவில்லை. விரலை நீட்டவில்லை. நான் ரத்தம் கேட்கவில்லை. அவன் தலைக்கவசத்தை இருந்த மூலையிலேயே வைத்தாள்.

“தொற மக்கா,” என்றாள்.

திறந்தேன்.

திரும்பச் சாத்தினாள். “தொற மக்கா. தொற மக்கா.”

முதலாவதிலேயே திறந்துவிட்டேன்.

“தொறக்காதீய ஏட்டையா. எத்தன தடவ ஒருத்தனால கேக்க முடியும்னு நான் பாக்கணும்.”

சாத்தினாள். தலைக்கவசமில்லாமல் வெளிக்கதவின் பிடியில் ஒரு கையை வைத்திருக்கிறாள், அவன் வைத்திருந்த மாதிரி. அதைப் பூட்ட எனக்கு அதிகாரமில்லை. உள்கதவைத் திறக்க மட்டும் முடியும். அவள் திறக்காதே என்கிறாள்.

இந்த முறை எண்ணுகிறேன்.

நாள் 300. பகல் 12.41

தொற மக்கா. ஒன்று.

தொற மக்கா. இரண்டு.

தொற மக்கா. மூன்று.

தொற மக்கா. நான்கு. இலக்கணம் இதோடு முடிகிறது.

தொற மக்கா. ஐந்து. திறக்கிறேன். சாத்துகிறாள்.

தொற மக்கா.

தொற மக்கா. திறக்கிறேன். சாத்துகிறாள்.

தொற மக்கா. தொற மக்கா. தொற மக்கா. தொற மக்கா. தொற மக்கா. தொற மக்கா. தொற மக்கா. தொற மக்கா. எத்தனையாவதில் நிற்கிறேன் என்று தொற மக்கா. தொற மக்கா. தொற